இடக்கை வாசிப்புக்கும் இடம் வேண்டும்

வாத்தியக் கடை ஒன்றினுள் நுழைந்து, சுவர் முழுவதும் வரிசையாகத் தொங்கும் கிட்டார்களை நிதானமாகப் பார்வையிட்ட பிறகு, அவற்றுள் இடக்கைக்காரன் வாசிக்கத்தக்க பேஸ் கிட்டார் ஒன்றாவது உண்டா என்று கேட்பவனுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, ஆர்டர் கொடுத்தால் வரவழைத்துத் தருகிறோம் என்பதுதான். அந்த விடையில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. ஆயினும், வாத்தியத்தைக் கையிலெடுத்து, அதன் கழுத்து தன் உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா, அதன் கனம் தன் தோளுக்குத் தாங்குமா, அதன் நாதம் தன் காதுக்கு இசைகிறதா என்று சோதித்துப் பார்த்த பின்னரே பணத்தை எடுத்து வைக்கும் சௌகரியம், பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கேளாமலே கிடைப்பது, பத்தாவது ஆளுக்கு இல்லாமற் போகிறது. மனிதகுலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினர் இடக்கைப் பழக்கம் உடையவர்கள். நானும் அவர்களில் ஒருவன்; மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடற்குழுவிலும் பேஸ் கிட்டார் வாசித்து வருபவன். வாத்தியமும் மேடையும் எங்களைப் போன்றோரை நடத்தும் விதம் குறித்துச் சில கருத்துக்களைப் பொதுமக்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இதை ஒரு குறையென்றே ஒப்புக்கொள்ளாத அபிப்பிராயம் ஒன்று நெடுநாளாக வழங்கி வருகிறது. அவ்வாறு சொல்பவர்களில் நல்ல ஆசிரியர்களும் இருப்பதால், அதைத் திரிக்காமல் எடுத்துரைப்பதே முறை. கிட்டார் வாசிக்க இரண்டு கைகளும் வேண்டும். அதிலும், மெட்டுகளின்மேல் விரல்களை ஓட்டி ஸ்வரஸ்தானங்களைப் பிடிக்கும் நுட்பமான காரியம் வழக்கமான வாத்தியத்தில் இடக்கைக்கே உரியது. ஆகவே இடக்கைக்காரன் எல்லோரையும் போலவே வாசிக்கக் கற்றால் அவனுக்கு அது அனுகூலமேயன்றிப் பிரதிகூலம் அன்று. பியானோவிலும் வீணையிலும் இடக்கைக்கெனத் தனி வாத்தியம் கேட்பவர் யார்? இவ்வாறு அவர்கள் அடுக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு அது மறுக்கமுடியாத நியாயமாகவே தோன்றும். மறுநாள் முதல் குழந்தையின் கையில் வாத்தியம் திருப்பி வைக்கப்படும்.

ஆனால் பேஸ் கிட்டாரின் இயல்பை ஊன்றிக் கவனித்தவர்கள் இவ்வாதத்தை அப்படியே ஏற்பது கடினம். எந்த ஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்பதை மெட்டின்மேல் இருக்கும் கை தீர்மானிக்கிறது என்பது உண்மையே. அந்த ஸ்வரம் எந்தக் கணத்தில் பிறக்க வேண்டும், எவ்வளவு அழுத்தத்தோடு பிறக்க வேண்டும் என்பவற்றைத் தீர்மானிப்பதோ தந்தியை மீட்டும் கை. பாடகரின் குரலும் கீபோர்டின் சுருள்களும் மேலே விளையாடிக்கொண்டிருக்க, வினாடிக்கு நாற்பத்தோரு அதிர்வுகள் வரை கீழே இறங்கும் மந்தரத் தந்தியை வைத்துக்கொண்டு, டிரம்ஸின் அடியோடு ஒட்டி நடந்து, பாட்டின் காலப்பிரமாணத்தைக் கட்டிக் காப்பதே பேஸ் வாசிப்பவனின் பிரதான கடமை. ஸ்வரம் ஒன்று தவறினால் சபையில் பலர் கவனிக்காமலும் இருக்கலாம்; காலம் தவறினால் பாட்டு முழுவதுமே தள்ளாடும்.

இதற்குச் சான்று வேண்டுமென்றால், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு 1960களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை நினைத்துக்கொள்ளலாம். அவர் வலக்கைக்காரர். இன்றைய வாசிப்பாளர்கள் இரண்டு மூன்று விரல்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி மீட்டும் இடத்தில், அவர் தம் வலக்கை ஆட்காட்டி விரல் ஒன்றையே நம்பினார். அந்த விரலுக்குக் கொக்கி என்ற பொருள்படும் பட்டப்பெயரே சக கலைஞர்களிடையே வழங்கியது. இன்றளவும் மாணவர்கள் எழுதி வைத்துப் பயிலும் அத்தனை சிக்கலான நடைகளையும் ஒரே விரல் மீட்டியது என்றால், பேஸ் கிட்டாரின் உயிர் எந்தக் கையில் இருக்கிறது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஒருவனுக்கு லயம் இயற்கையாக எந்தக் கையில் குடிகொண்டிருக்கிறதோ, அந்தக் கையே தந்தியை மீட்ட வேண்டும். என் வாதத்தின் சாரம் இவ்வளவுதான்.

இவ்வுண்மையை உலகறியச் செய்தவர், இடக்கைப் பேஸ் வாசிப்பாளர்களுள் தலையாயவரான பால் மெக்கார்ட்னி. தந்தையார் கொடுத்த ட்ரம்பெட்டைக் கடையில் மாற்றி, ஜெனித் என்ற கிட்டாரை வாங்கிய அந்த லிவர்பூல் இளைஞருக்கு, எல்லோரும் பிடிப்பதுபோல் அதைப் பிடித்து வாசிக்க எவ்வளவு முயன்றும் கை வசப்படவில்லை. ஸ்லிம் விட்மன் என்ற அமெரிக்கப் பாடகர் கிட்டாரைத் திருப்பிப் பிடித்திருக்கும் படம் ஒன்று கண்ணில் பட்ட பிறகே, தாமும் அவ்வாறு பிடிக்கலாம் என்பது அவருக்குத் தோன்றியது; தந்திகளை இடம் மாற்றிக் கட்டிக்கொண்டார்; வாசிப்பு வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், விட்மன் இடக்கை விரல் ஒன்றின் பகுதியை விபத்தில் இழந்தமையால் வாத்தியத்தைத் திருப்பிப் பிடிக்க நேர்ந்தவர். ஒருவருடைய நிர்ப்பந்தம் மற்றொருவருக்கு வழிகாட்டியாக அமைந்தது. அந்தப் படம் கண்ணில் படாதிருந்தால், தமக்குச் சங்கீதமே வராது என்று மெக்கார்ட்னி முடிவு கட்டியிருக்கவும் கூடும். அவ்வாறு முடிவு கட்டிக் கிட்டாரை மூலையில் சார்த்திவிட்ட குழந்தைகள் நம் ஊரிலும் இல்லாமலில்லை.

மெக்கார்ட்னி சேர்ந்திருந்த பீட்டில்ஸ் குழுவில் முதலில் பேஸ் வாசித்தவர் ஸ்டூவர்ட் சட்க்ளிஃப். 1961-ல் அவர் ஓவியம் பயில்வதற்காகக் குழுவை விட்டு விலகி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலேயே தங்கிவிட, பேஸ் வாசிக்கும் பொறுப்பு மெக்கார்ட்னியின் தலையில் விழுந்தது. சட்க்ளிஃப் தம் வாத்தியத்தைத் தற்காலிகமாக இரவல் கொடுத்தபோது, தந்திகளை மட்டும் இடம் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாராம். ஆகவே சில காலம் அதைத் தலைகீழாகவே மெக்கார்ட்னி வாசிக்க வேண்டியிருந்தது. பிறகு அதே ஹாம்பர்கில் ஏறத்தாழ 30 பவுன் கொடுத்து அவர் வாங்கியதுதான், வயலின் வடிவிலான ஹாஃப்னர் பேஸ். அதன் உடல் இரு பக்கமும் ஒரே அமைப்பாக இருந்ததால், இடக்கைக்காரன் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றாது என்பதும் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். உலகம் முழுவதும் பீட்டில்ஸின் சின்னமாகக் கொண்டாடப்படும் வாத்தியம் இடக்கைக்காரர் ஒருவரின் சங்கடத்தை முன்னிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை, அதைக் கொண்டாடுபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

பிற வாத்தியங்களின் வடிவம் அத்தகைய சலுகை காட்டுவதில்லை. வலக்கைப் பேஸ் ஒன்றை வாங்கித் திருப்பிப் பிடித்து, தந்திகளை இடம் மாற்றிக் கட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர்கள், வாத்தியத்தின் அங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பதை மறந்துவிடுகிறார்கள். கழுத்தின் தலைப்பில் தந்திகள் அமரும் நட் என்ற பட்டையில் உள்ள பள்ளங்கள் அந்தந்தத் தந்தியின் பருமனுக்கேற்ப அறுக்கப்பட்டவை. தடித்த தந்தி மெல்லிய பள்ளத்தில் இறங்காது, மெல்லிய தந்தி அகன்ற பள்ளத்தில் அதிரும். ஆகவே புதிய நட் அறுத்து வைக்க வேண்டும். தந்திகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் மறுபடி சரிசெய்யாவிட்டால், திறந்த தந்தியில் சேர்ந்த சுருதி பன்னிரண்டாவது மெட்டில் விலகிப்போகும். உடலை ஒட்டிய உயர் மெட்டுகளை எட்டுவதற்காக உடலில் வெட்டப்பட்ட வளைவு இப்போது மேற்புறம் வந்துவிடும். தோள்வாரை மாட்ட வேண்டிய நீண்ட கொம்பு கீழே போய்விடுவதால், வாத்தியம் தலைப்பக்கம் சாய்ந்து, வாசிக்க வேண்டிய கை அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியதாகும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களோ முழங்கைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, பாட்டின் நடுவே உரசித் தாமாகவே திரும்பும்.

இடக்கைக்கென்றே செய்து விற்கப்படும் வாத்தியங்களிலும் இக்கவனம் எப்போதும் இருப்பதில்லை. வலக்கைக் கிட்டாருக்கான மின் பாகங்களையே எடுத்து இடக்கைக் கிட்டாரில் பொருத்திவிடுவது சில தயாரிப்பாளர்களின் வழக்கம். அப்போது குமிழ் எதிர்த்திசையில் திரும்பினால் ஒலி கூடும்; திசையைச் சரிசெய்யக் கம்பிகளை மாற்றி இணைத்தாலோ, குமிழின் பெரும்பகுதியில் மாறுதல் தெரியாமல் இருந்து ஒரு கோடியில் மட்டும் ஒலி திடீரென எழும் அல்லது அடங்கும். எதிர்த்திசைக்கென்றே செய்த பாகம் சந்தையில் இருக்கிறது. அதை வாங்கிப் பொருத்தும் சிரத்தைதான் இல்லை.

இவ்விதக் கோளாறுகள் எல்லாமே தீமை என்றும் சொல்லிவிட முடியாது. கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-ல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில், தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப் என்ற பாகம் 1957 முதல் இரு துண்டுகளாகப் பிரித்து வைக்கப்பட்டது. மந்தரத் தந்திகள் இரண்டுக்குரிய துண்டு கழுத்துப் பக்கமும், மற்ற இரண்டுக்குரிய துண்டு பிரிட்ஜ் பக்கமும் இருக்கும். வலக்கை வாத்தியத்தைத் திருப்பித் தந்தி கட்டும்போது இந்த முறை தலைகீழாகி, மந்தரத் தந்திகள் பிரிட்ஜ் பக்கத்துத் துண்டின்மேல் வருவதால், அவற்றின் நாதம் இறுகித் தெளிவடைகிறது. இதை விரும்பி நாடுவோரும் உண்டு. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கை ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் திருப்பி வாசித்ததால் அவருடைய நாதத்திற்குக் கிடைத்த தனித்தன்மையில், சாய்வாகப் பதித்த பிக்கப் திரும்பியதற்கும் பங்குண்டு என்பார்கள். இடையூற்றிலிருந்து அழகைப் பிழிந்தெடுத்தது அவருடைய மேதைமை. அதைக் காட்டி, இடையூறு அப்படியே இருக்கட்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது நியாயமாகாது.

இன்னொரு வழியும் உண்டு. ப்ளூஸ் கிட்டார் வித்வான் ஆல்பர்ட் கிங்கும், யெல்லோஜாக்கெட்ஸ் குழுவின் பேஸ் வாசிப்பாளராக இருந்த ஜிம்மி ஹாஸ்லிப்பும் வாத்தியத்தைத் திருப்பிப் பிடித்தார்களேயன்றித் தந்திகளை இடம் மாற்றிக் கட்டவில்லை; மந்தரத் தந்தி கீழேயும் மெல்லிய தந்தி மேலேயுமாக வாசித்தே பெரும்புகழ் பெற்றார்கள். பாடப்புத்தகத்தில் உள்ள விரலமைப்புகள் எவையும் அவர்களுக்குப் பயன்படா. எல்லாவற்றையும் தாமே கண்டுபிடிக்க வேண்டும். ஆயினும் அதில் ஒரு பெரிய ஆதாயம் இருக்கிறது: எவருடைய வாத்தியத்தையும் கைநீட்டி வாங்கி, அக்கணமே வாசித்துவிடலாம்.

இந்த ஆதாயத்தின் அருமை மேடை ஏறியவர்களுக்குத்தான் தெரியும். கோவில் திருவிழாவிலோ கல்லூரி விழாவிலோ பல குழுக்கள் அடுத்தடுத்து வாசிக்கும் நாட்களில், வலக்கைக்காரர்கள் ஒரே பேஸ் கிட்டாரை ஒருவர்பின் ஒருவராகத் தோளில் மாட்டிக்கொண்டு கச்சேரியை நடத்திவிடுவார்கள். ஒருவருடைய தந்தி அறுந்தால் பக்கத்துக் குழுக்காரர் தம்முடையதைக் கழற்றிக் கொடுப்பார். தந்தி மாற்றிக் கட்டி வாசிக்கும் இடக்கைக்காரனுக்கோ இந்தப் பரோபகாரம் பயன்படாது. ஆகவே அவன் மாற்றுத் தந்தி, திருப்புளி, பிரிட்ஜ் திருகாணிகளுக்கான சாவி, மின்கலம், உபரிக் கேபிள் ஆகிய அனைத்தையும் தானே சுமந்து செல்கிறான். வசதியிருந்தால் இரண்டாவது வாத்தியம் ஒன்றையும் உடன் கொண்டுபோகிறான். வாத்தியம் களவுபோனால் மற்றவனுக்கு நஷ்டம் பணத்தோடு நிற்கும். இவனுக்கு அடுத்த வாத்தியம் வந்து சேரும்வரை கச்சேரியே நின்றுபோகும். மெக்கார்ட்னியின் அந்த முதல் ஹாஃப்னரே 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடப்பட்டு, அரைநூற்றாண்டுக்குப் பிறகு அவரிடம் திரும்பி வந்த செய்தி 2024-ல் வெளியாயிற்று. அவரிடம் வேறு வாத்தியங்கள் இருந்தன. மாதச் சம்பளக்காரனான இடக்கைக் கலைஞனிடம் அவை இரா.

மேடையில் நிற்கும் இடமும் ஒரு பிரச்சினையே. டிரம்ஸ் வாசிப்பவருக்கு இடப்பக்கம் ஹை-ஹாட் என்ற இரட்டைச் சிம்பல் அருகே பேஸ் வாசிப்பவன் நிற்பது பல குழுக்களில் வழக்கம். வலக்கைக்காரனின் கிட்டார்க் கழுத்து அங்கே வெளிப்புறம் நோக்கி நீண்டிருக்கும். அதே இடத்தில் என்னை நிறுத்தினால் என் கிட்டாரின் கழுத்து டிரம்ஸ் பக்கம் நீண்டு சிம்பல் தட்டில் இடிக்கும். மறுபக்கம் நிற்க இடம் கொடுத்துவிட்டாலோ, இடைஞ்சல் நீங்குவதோடு, பேஸ் டிரம்மை மிதிக்கும் வலதுகாலின் பக்கமாக நான் நிற்பதால், சேர்ந்து வாசிப்பதற்கு அது அனுகூலமாகவும் அமைகிறது. மெக்கார்ட்னியும் அதே குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் ஒரே மைக்கில் முகத்தோடு முகம் நெருங்கிப் பாடும் காட்சியைப் பழைய படங்களில் கண்டிருப்பீர்கள். ஒருவர் கிட்டாரின் கழுத்து ஒரு புறமும் மற்றவருடையது மறுபுறமும் நீண்டு, இறகு விரித்தாற்போல் தோன்றும். இருவரும் வலக்கைக்காரர்களாக இருந்திருந்தால் அத்தனை நெருக்கத்தில் நிற்பது சிரமமாகியிருக்கும்.

மேடையில் இடம் பெறுவதற்கான இப்போராட்டம் கர்நாடக சங்கீத உலகிற்கும் புதிதன்று. மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். பாடகரின் வலப்பக்கம் மிருதங்கமும் இடப்பக்கம் வயலினும் அமர்வது சம்பிரதாயம். அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கியிருக்கும். இடக்கையால் வலந்தலையை வாசிக்கும் பழநி பிள்ளையின் வாத்தியம் சபையை நோக்க வேண்டுமானால், அவரும் வயலின் வித்வானும் இடம் மாறி அமர வேண்டும். அதற்கு வயலின் வித்வான்கள் சிலர் இசையவில்லை. ஈடற்ற லயஞானம் படைத்த அவருக்கு இதனால் வாய்ப்புகள் தடைப்பட்டபோது, பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்கு ஆதரவாக உறுதியோடு நின்றார். இடம் மாறி அமர்ந்ததால் சங்கீதத்திற்கு ஒரு குறையும் நேரவில்லை. பழநி பிள்ளையின் வாசிப்பு ரசிகர்களின் நினைவில் நிலைத்துவிட்டது. பிரதானக் கலைஞர் ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் தீரக்கூடிய பிரச்சினை, அவர் சொல்லாதவரை மலையாக நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமா?

முன்பு கூறிய எதிர்வாதத்தில் வயலினையும் சேர்த்துக்கொள்வோர் உண்டு. ஐரோப்பிய வாத்தியக் கோஷ்டியில் வயலின்காரர்கள் நெருங்கி அமர்ந்து ஒரே திசையில் வில் போடுகையில், ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் போட்டால் பக்கத்தவர் முழங்கையில் இடிக்கும். அங்கே ஒரே கை என்ற விதிக்கு ஒரு காரணம் இருக்கிறது. மேலும் வயலினின் உடலுக்குள் மந்தரத் தந்திக்குக் கீழே ஒரு மரச்சட்டமும், மெல்லிய தந்தியின் பக்கம் ஒரு சிறு மரத்தூணும் இருப்பதால், அதை இடக்கைக்கு மாற்றுவதென்றால் உள்ளமைப்பையே மாற்ற வேண்டும். இடக்கையால் வயலின் வாசித்த சார்லி சாப்ளின் அவ்வாறே மாற்றி அமைத்துக்கொண்டார். பேஸ் கிட்டாருக்கு இவ்விரு தடைகளும் இல்லை. குழுவுக்கு ஒருவனே பேஸ் வாசிக்கிறான். வாத்தியமோ பெரும்பாலும் கெட்டி மரப்பலகை. கண்ணாடி பிம்பம்போல் அதை மறுபக்கமாகச் செதுக்குவது தொழிற்சாலைக்கு அரிதான செயல் அன்று. தேவை குறைவாதலால் சில மாதிரிகளை மட்டுமே செய்வதும், சில நிறுவனங்கள் விலையைச் சிறிது கூட்டி வைப்பதும் வியாபார நியாயத்திற்கு உட்பட்டதாயிருக்கலாம்; ஆனால் கிடைக்காததால் கேட்பவர் குறைவதும், கேட்பவர் குறைவதால் செய்யாமல் விடுவதுமாக இந்தச் சக்கரம் சுழன்றுகொண்டே இருப்பதைத் தயாரிப்பாளர்கள் உணர வேண்டும். 1965-ல் ரிக்கன்பேக்கர் நிறுவனம் இடக்கைப் பேஸ் ஒன்றை மெக்கார்ட்னிக்கு மனமுவந்து அளித்தது. புகழ்பெற்ற ஒருவருக்குச் செய்ததைச் சாதாரண மாணவனுக்கும் எட்டச் செய்வதே தொழிலின் தர்மம்.

இவ்வளவும் கூறியதால், இடக்கைக்காரர் அனைவரும் இடக்கையாலேயே வாசித்தாக வேண்டும் என்று நான் விதிப்பதாக எண்ணலாகாது. கிட்டார் கலைஞர் மார்க் நாஃப்ளர் இடக்கைப் பழக்கம் உடையவராயிருந்தும் வலக்கைக்காரரைப் போலவே வாசித்து உலகப்புகழ் பெற்றார். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் இடக்கைக்காரராயிருந்தும் வலக்கை முறையில் அடுக்கிய டிரம்ஸை வாசித்தார். அவருடைய வாசிப்பின் விசித்திர அழகுக்கு அதுவே காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. கை இரண்டும் எளிதில் பழகும் இயல்புடையவர்களுக்கு வழக்கமான வாத்தியமே மலிவும் சௌகரியமும் ஆகும்; அவர்கள் அதையே நாடட்டும். நான் மறுப்பது தெரிவை அன்று, நிர்ப்பந்தத்தை.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: முதல் நாளன்று குழந்தையிடம் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லாமல் சிறிது நேரம் சும்மா இருங்கள், கைதட்டித் தாளம் போடச் சொல்லி, எந்தக் கை முன்வருகிறது என்று கவனியுங்கள், அதன்பின் முடிவு செய்யுங்கள். கடைக்காரர்களே, விலை குறைந்த மாதிரியிலேனும் இடக்கைப் பேஸ் ஒன்றையும் இடக்கைக் கிட்டார் ஒன்றையும் எப்போதும் சுவரில் தொங்கவிடுங்கள். அதைக் காணும் குழந்தைக்கு, ஸ்லிம் விட்மனின் படம் மெக்கார்ட்னிக்குச் செய்த உபகாரத்தை அது செய்யும். குழுத் தலைவர்களும் சவுண்ட் சர்வீஸ்காரர்களும், மேடை அமைக்கும் முன்பே எந்தக் கையால் வாசிப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. பெற்றோர்களே, உங்கள் குழந்தை கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால், தவறு என்று சொல்லித் திருத்துவதற்கு முன் அதை ஒரு பாட்டு முழுவதும் அப்படியே வாசிக்க விடுங்கள்.